ஒருபொருட் சொற்களும் அவற்றினிடையே உள்ள தூரமும்

(மயிலத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் பயிலத் தொடங்கிய மாணவன் எவனும் ஏதேனும் ஒரு கட்டத்தில், ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய், 'ஐயா, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்காமல் இருந்ததில்லை. பிரிங் என்பதற்கும் டேக் என்பதற்கும், லெண்ட் என்பதற்கும் பாரோ என்பதற்கும், ஹியர் என்பதற்கும் லிசன் என்பதற்கும், ஹில் என்பதற்கும் மௌண்ட் என்பதற்கும் என்று இவ்வினாக்கள் நீண்டுகொண்டே போகும். அவற்றுக்கு விடையாக அச்சான கையேடுகள் புத்தகக் கடைகளில் ஏராளம். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு வரி விளக்கமும், அதன் கீழ் இரண்டு உதாரண வாக்கியங்களும் அவற்றில் இருக்கும். மாணவன் அவற்றை நெட்டுருச் செய்து பரீட்சையில் எழுதுகிறான். அடுத்த மாதமே மறந்தும் விடுகிறான். அதன்பொருட்டு அவனுடைய ஞாபகசக்தியைக் குறைகூறுவது நியாயமாகாது. ஒரு சொல்லைச் சொல்லுகிறவர் யார், கேட்கிறவர் யார், இருவரும் எங்கே நிற்கிறார்கள், எதன்பொருட்டுப் பேசுகிறார்கள் என்பவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, வெறும் சொல்லை மட்டும் அவன் கையில் எடுத்துக் கொடுத்தால், அது தங்குவதற்கு அவன் மனத்தில் இடம் ஏது?

இந்த வினாவைக் கேட்கும் தமிழ் மாணவன் அந்நிய பாஷையின் வாசலில் வெறுங்கையோடு நிற்பவன் அல்லன் என்பதும், அவனுக்கு வேண்டிய அளவுகோலை அவனுடைய இலக்கண ஆசிரியர்களும் அவனுடைய ஊராருமே வைத்திருக்கிறார்கள் என்பதும், அந்த அளவுகோலைக் கொண்டு முதலில் தன் ஊர்ச் சொற்களை அளந்து பழகியவனுக்கு ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு தானே விளங்கும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

இதை மயிலத்தில் நின்று பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. 1938-இல் பொம்மபுர ஆதீனத்தின் ஆதரவில் தமிழ்க் கல்லூரி தோன்றிய ஊர் இது. இந்தக் குன்றின் அடியில் தொல்காப்பியம் பாடஞ்சொன்ன குரல்கள் பல. அதனினும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. திண்டிவனத்துக்கு அண்மையில் உள்ள பெருமண்டூர் சமணர்களின் பழைய ஊர்களுள் ஒன்று. சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டலபுருடர் என்னும் சமண ஆசிரியரை அவ்வூரோடு தொடர்புபடுத்திச் சொல்வர். சமணர்களின் மடம் விளங்கும் மேல்சித்தாமூரும் இப்பக்கத்திலேதான் இருக்கிறது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஓரிடத்தில் தொகுத்துத் தமிழ்க் குழந்தைகளின் நாவில் தலைமுறை தலைமுறையாக ஏற்றிவைத்த நூலின் ஆசிரியரை நினைக்காமல், இந்த வட்டாரத்தில் ஒருபொருட் சொற்களைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது முறையாகாது.

நிகண்டுகளின் அமைப்பு உங்களுள் பலர் அறிந்ததே. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்னும் மூன்றும், தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்பனபோல உலகத்துப் பொருள்களையெல்லாம் வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பெயர்களைச் செய்யுளில் அடுக்கிச் செல்வன. சூடாமணியின் பதினோராந் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட் பகுதி திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மனப்பாடத்துக்கு உரியதாய் இருந்து, 'பதினோராவது நிகண்டு' என்று தனியே பெயர் பெற்றது. 1732-இல் சதுரகராதியைச் செய்த வீரமாமுனிவர், பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு கூறுகளுள் பொருள் என்பதை ஒருபொருட் சொற்களுக்கென்றே ஒதுக்கினார். வேற்று நாட்டிலிருந்து வந்து தமிழைக் கற்ற ஒருவருக்கு அவ்வகைத் தொகுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருப்பார்.

ஆங்கிலத்தில் இம்முயற்சி மிகவும் பின்னர் வந்தது. டாக்டர் ஜான்சனின் சிநேகிதியாய் இருந்து, பின்னர் பியோட்ஸி என்னும் இத்தாலியச் சங்கீத வித்துவானை மணந்த ஹெஸ்டர் பியோட்ஸி அம்மையார், 1794-இல் ஆங்கிலப் பரியாயச் சொற்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்றாடச் சம்பாஷணையில் எந்தச் சொல்லை எங்கே தேர்ந்துகொள்வது என்பதே அந்நூலின் நோக்கம். 1816-இல் ஜார்ஜ் கிராப் என்பவர் அதே துறையில் பெருநூல் ஒன்று செய்தார். 1852-இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியமோ, விளக்கம் எதுவும் கூறாமல், கருத்து வகையால் சொற்களைக் குவித்துவைத்தது; அமைப்பினால் அது நம் நிகண்டுக்கு நெருங்கிய உறவு. இவற்றுள் பியோட்ஸி அம்மையாரின் நூலிடத்தே எனக்கு மதிப்பு அதிகம். பேச்சு நடக்கும் கூடத்தில் உட்கார்ந்து, யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று செவிகொடுத்துக் கேட்டுச் சொற்களைப் பிரிக்க முயன்றவர் அவர். நிகண்டு சொற்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. பிரித்துக் காட்டுவது நிகண்டின் வேலை அன்று. அந்த வேலையைத் தமிழில் இலக்கண நூலார் செய்தார்கள். அதுவும் பியோட்ஸி அம்மையாருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவர் சென்ற வழியிலேயே செய்தார்கள்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் நான்கு சொற்களை ஒருசேர எடுத்துக்கொள்கிறார். செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் என்பன அவை. இவற்றுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுக்கிறார். இயக்கம் ஒன்றே, ஆனால் பேசுகிறவனையோ கேட்கிறவனையோ நோக்கி அது நிகழ்ந்தால் ஒரு சொல், இருவருக்கும் புறம்பான மூன்றாம் இடத்தை நோக்கி நிகழ்ந்தால் வேறு சொல். இதில் கவனிக்கத்தக்க விசேஷம், முன்னிலையையும் தன்மையோடு சேர்த்ததுதான். வீட்டுக்குள்ளிருந்து தாய், 'டேய், இங்கே வா' என்று கூப்பிடுகிறாள். தெருவில் நிற்கும் மகன், தான் நிற்கும் இடத்தை விட்டு அகன்று செல்லப்போகிறவனாய் இருந்தும், 'போறேன்' என்று சொல்லாமல், 'வரேம்மா' என்கிறான். தாய் இருக்கும் இடமே அந்தச் சொல்லுக்கு எல்லை. ஆங்கிலப் பிள்ளையும் அந்தச் சமயத்தில் கம் என்னும் சொல்லையே ஆளுவான். ஸ்பானியப் பிள்ளையோ 'போகிறேன்' என்று பொருள்படும் சொல்லால்தான் விடை கூறுவான். ஆகவே, இது உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான நியதி அன்று. தமிழும் ஆங்கிலமும் தற்செயலாய் ஒத்துப்போகும் இடங்களுள் ஒன்று. அந்த ஒற்றுமையை அறிந்த தமிழ் மாணவனுக்கு, கம், கோ என்பவற்றைப் பற்றி எந்தக் கையேடும் வேண்டியதில்லை.

பிரிங், டேக் என்பவற்றுக்கும் இதுவே வழி. இவ்விரண்டும் பல மாணவர்களை இடறச் செய்வன. ஏனெனில், அகராதியில் இரண்டுக்கும் 'எடுத்து' என்று தொடங்கும் பொருளே காணப்படுகிறது. நம் பேச்சிலோ 'கொண்டுவா', 'கொண்டுபோ' என்று வெளிப்படையாகவே இருக்கின்றன. கம் வரும் இடத்தில் பிரிங் வரும். கோ வரும் இடத்தில் டேக் வரும். திண்டிவனம் ரெயில் நிலையத்தில் சந்தித்துக்கொண்ட இருவருள் ஒருவர், 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரும்போது அந்தப் புஸ்தகத்தைக் கொண்டுவரேன்' என்கிறார். பேசும் அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருவருமே இல்லை. ஆயினும், நாளை அங்கே கேட்போர் இருக்கப்போவது கருதி, வருதலும் கொண்டுவருதலும் பொருந்திவிடுகின்றன. ஆங்கிலத்திலும் அப்படியே.

இதே நூலின் எச்சவியலில் தொல்காப்பியர் கூறும் இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்கும்போது வரும் சொற்கள். அவற்றுள் ஈ என்பது கேட்கப்படுவோனினும் தாழ்ந்தவன் சொல். தா என்பது ஒத்தவன் சொல். கொடு என்பது உயர்ந்தவன் சொல். கேட்கும் பொருளும் ஒன்றே, பெறும் பொருளும் ஒன்றே. கேட்பவன் எந்த நிலையில் நிற்கிறான் என்பதே வேறுபாடு. இவ்வாறு கூறிய ஆசிரியருக்கு உடனே ஓர் ஐயம் எழுகிறது. கொடு என்பது படர்க்கைக்கு உரியது என்று தாமே முன்பு வரையறுத்திருக்க, தனக்கென ஒன்றைக் கேட்பவன் அதை எவ்வாறு சொல்லுதல் கூடும்? அவர் தரும் விடையை நான் படிக்குந்தோறும் வியக்கிறேன்: அவன் தன்னையே வேறொருவன்போலக் கருதிச் சொல்லுகிறான் என்கிறார். உயர்ந்த நிலையில் இருப்பவனுக்குத் தனக்கென்று கேட்பது கூச்சம்; ஆதலால், யாரோ மூன்றாமவனுக்குக் கொடுக்கச் சொல்வதுபோலச் சொல்லித் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளுகிறான். இலக்கண விதி ஒன்றினுள் மனிதமனத்தின் கூச்சத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்த நூல்கள் எந்தப் பாஷையிலும் அரியன என்றே கருதுகிறேன்.

அந்த மூன்றன் நிலை இன்று மாறிவிட்டது. ஈ என்னும் ஏவல் பேச்சிலிருந்து மறைந்து, ஈகை, ஈதல் என்னும் பெயர்களில் மட்டும் அறத்தின் மணத்தோடு வாழ்கிறது. கொடு என்பது எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆனால், உறவின் படிநிலையைச் சொல்ல வேண்டிய தேவை போகவில்லை. அது வேறு இடத்தில் குடியேறிவிட்டது. 'அந்தச் செம்பைக் கொஞ்சம் கொடுங்க' என்னும்போது, செம்பில் கொஞ்சத்தை யாரும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்சமும், இறுதியில் நிற்கும் 'ங்க' என்பதும், முற்காலத்தில் ஈ, தா, கொடு என்பவை செய்த தொழிலைச் செய்கின்றன. ஆங்கிலமும் கிவ் என்னும் ஒரே வினையை வைத்துக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் சேரும் துணைச்சொற்களால் பணிவையும் உரிமையையும் தெரிவிக்கிறது. கேன், குட், மே என்பவற்றின் வித்தியாசத்தைக் கேட்கும் மாணவனுக்கு, இந்தக் கொஞ்சத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது எளிது.

இனி, லெண்ட், பாரோ என்பவற்றுக்கு வருவோம். இங்கே இரண்டு மொழிகளும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு இடத்தில் வெட்டுகின்றன. ஆங்கிலம் பொருள் செல்லும் திசையைப் பார்க்கிறது: என்னிடமிருந்து போனால் லெண்ட், என்னிடம் வந்தால் பாரோ. எந்தப் பொருள் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பணமானாலும் குடையானாலும் சொல் ஒன்றே. தமிழ் மக்கள் திசையைக் கொடு, வாங்கு என்பவற்றிடம் விட்டுவிட்டு, திரும்பிவர வேண்டியது எது என்பதையே கூர்ந்து நோக்கினார்கள். வாங்கிய அதே பொருள் திரும்ப வேண்டுமானால் அது இரவல். மண்வெட்டியும் புத்தகமும் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட நகையும் இரவல். வாங்கிய பொருள் செலவாகி, அதற்கு ஈடான வேறொன்று திரும்ப வேண்டுமானால் அது கடன். வட்டியும் பத்திரமும் இன்றி, ஒருவர் முகத்துக்காக மற்றொருவர் சில நாளைக்குக் கொடுக்கும் பணம் கைமாற்று. ஒரு படி அரிசியை அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவதற்குக் குறியெதிர்ப்பை என்று ஒரு தனிச்சொல்லே பழந்தமிழில் இருந்தது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், உண்மையான கொடையை இதனின்றும் பிரித்துக்காட்ட அச்சொல்லை ஆளுகிறார். 'கடன் கேட்டான்' என்பதற்கும் 'கைமாத்துக் கேட்டான்' என்பதற்கும் இடையே ஒருவனுடைய மானம் இருக்கிறது. அந்த இடைவெளியை அறியாமல் இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பெயர்ப்பவர், சொல்லைப் பெயர்த்தாரேயன்றி நிகழ்ச்சியைப் பெயர்க்கவில்லை.

நிலத்தைப் பற்றிய சொற்களில் இவ்வேறுபாடு வயிற்றையே தொடுகிறது. இப்பக்கத்துக் குடியானவர் ஒருவர், பிறருடைய கழனியை வாரத்துக்குச் செய்யலாம், குத்தகைக்குச் செய்யலாம். வாரத்தில், விளைந்ததை உடையவரும் உழுதவரும் பேசிக்கொண்ட விகிதப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். மழை பொய்த்த ஆண்டில் இருவர் களமும் குறையும். குத்தகையில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவை அளந்துவிட வேண்டும். பொய்த்த மழையின் பாரம் முழுவதும் உழுதவர் தலையிலேயே விழும். இவ்விரண்டையும் லீஸ் என்ற ஒரே சொல்லால் எழுதிச் செல்லும் கணக்கில், பஞ்சத்தில் யார் பட்டினி கிடந்தார் என்ற செய்தி மறைந்துபோகிறது. போக்கியம் என்பதும் அத்தகையதே. கடன் கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பலனையே அனுபவித்துவந்து, முதல் திரும்பியதும் நிலத்தை விட்டுவிடும் ஏற்பாடு அது. மார்ட்கேஜ் என்னும் ஆங்கிலச் சொல் மட்டும் இதற்குப் போதவில்லை என்பதை உணர்ந்தே, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தை வகுத்தவர்கள் ஈட்டைப் பலவகையாகப் பிரித்து, அனுபவத்தோடு கூடிய ஈடு என்பதற்குத் தனி இலக்கணம் எழுதினார்கள். நாட்டில் வழங்கிய வேறுபாடு சட்டத்தையே தன்வழிக்குக் கொணர்ந்தது.

சீ, லுக், ஹியர், லிசன் என்னும் நான்கையும் ஒரு சேரப் பார்க்கலாம். தானாக நேரும் காட்சிக்கு ஒரு சொல், வேண்டுமென்று செலுத்தும் நோக்கத்துக்கு ஒரு சொல் என்று ஆங்கிலம் பிரிக்கிறது. தமிழில் காண், நோக்கு, பார் என்ற சொற்கள் இருந்தும், இந்தப் பிரிவினையை நாம் பெரும்பாலும் சொல்லைக் கொண்டு செய்வதில்லை; வாக்கியத்தின் அமைப்பைக் கொண்டே செய்கிறோம். 'அவன் பேச்சு என் காதில் விழுந்தது' என்றால், நான் ஒன்றும் செய்யவில்லை. பேச்சு வந்து விழுந்தது. 'அவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டேன்' என்றால், நான் முனைந்து செய்த காரியம். 'கண்ணில் பட்டது', 'பார்த்தேன்' என்பவையும் அவ்வாறே. வினைமுதல் யார் என்பதை மாற்றுவதால் கருத்தை மாற்றும் இந்தச் சாமர்த்தியம், தன்வினை பிறவினை என்னும் பாகுபாட்டில் ஊறிய பாஷைக்கு இயற்கையாக வாய்த்தது. ஆகவே, ஹியர் என்பதற்குக் 'கேள்' என்றும் லிசன் என்பதற்கு 'உற்றுக்கேள்' என்றும் எழுதிக் கொடுக்கும் கையேட்டினும், முன்னதற்குக் 'காதில் விழுதல்' என்று எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் நெடுநாள் நினைவில் நிற்பார்.

நீர்நிலைகளைப் பற்றி நான் சற்று அதிகமாகப் பேசினால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் அதற்குக் காரணம் உண்டு. தென்னார்க்காடு என்று நெடுங்காலம் வழங்கிய இந்தப் பிரதேசத்துக்கு, காவிரிபோல் ஆண்டுதோறும் கைகொடுக்கும் பேராறு இல்லை. மழைநீரைத் தேக்கிய ஏரிகளே இதன் உழவுக்கு ஆதாரம். நிகண்டைத் திறந்தால், குளம், ஏரி, வாவி, பொய்கை, தடாகம், இலஞ்சி என்று நீர்நிலையின் பெயர்கள் தோளோடு தோள் நிற்கும். ஊருக்குள் வந்தால் அவை அவ்வாறு நிற்பதில்லை. ஏரி என்பது வளைந்த கரையொன்றால் மழைநீரைத் தடுத்து நிறுத்திப் பாசனத்துக்கு விடுவது. அதற்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு, ஆயக்கட்டு உண்டு. குளம் என்பது கோயிலை ஒட்டியோ ஊர் நடுவிலோ நாற்புறமும் படியிறக்கி வெட்டியது. குளிப்பதற்கும் கால் கழுவுவதற்கும் ஆவது. குட்டை மாடு குடிக்க. தாங்கல் சிறிய ஏரி. அப்பெயரால் முடியும் ஊர்கள் இந்தத் தொண்டைநாட்டுப் பகுதியெங்கும் உள்ளன. சுனை குன்றின்மேல் மட்டுமே இருக்கும். திருநெல்வேலிச் சீமைக்குப் போனால், இங்கே நாம் ஏரி என்பதை அவர்கள் குளம் என்பார்கள். மதுரை, இராமநாதபுரப் பக்கத்தில் அதுவே கண்மாய்.

இத்தனையையும் ஆங்கில அதிகாரிகள் டாங்க் என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், நூற்றுக்கணக்கான ஏக்கருக்குப் பாயும் பெருநீர்ப் பரப்பைத் தொட்டிக்கு உரிய பெயரால் குறிப்பதைக் கண்டு திகைத்திருத்தல் கூடும். ஆனால், வேலையில் இறங்கியபின் அவர்களுக்கும் அந்த ஒரு சொல் போதவில்லை. ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் கரைக்குத் தீங்கின்றி வழிந்தோடக் கட்டிய கலங்கலுக்கு அவர்களிடம் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை போலும். கலிங்கல் என்னும் வடிவத்தையே எடுத்துக் 'கலிங்குலா' என்று தங்கள் பொதுப்பணித்துறை அறிக்கைகளில் எழுதிக்கொண்டார்கள். அணைக்கட்டு அவ்வாறே 'அனிகட்' ஆயிற்று. 1886-இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியில் இவ்விரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. ஆளவந்தவர்களுடைய பாஷையிலே தமிழ்க் குடியானவரின் சொல் நுழைந்து அமர்ந்தது, அது காட்டிய வேறுபாடு இன்றியமையாததாய் இருந்தமையால்தான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த ஊர்களில் ஓர் இரவு தங்கியவருக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். 'ஏரி கோடி போவுது' என்று ஒருவர் வந்து சொன்னால், ஏரி நிரம்பி வழிகிறது என்று அறிந்து ஊரே மகிழ்ச்சியோடு கரைக்கு ஓடும். பெண்களும் பிள்ளைகளும் கலங்கலில் விழும் நீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த போகத்துக்குக் கவலை தீர்ந்தது. 'ஏரி உடைஞ்சுபோச்சு' என்று சொன்னாலும் ஓடுவார்கள். அப்போது மண்வெட்டியும் கூடையும் மூட்டைமூட்டையாக மணலும் அவர்களோடு போகும். இரண்டிலும் நிகழ்வது, ஏரிக்குள் இருந்த நீர் வெளியே வருவதுதான். ஆங்கிலத்திலும் இதற்கு ஓவர்ஃப்ளோ என்றும் பிரீச் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆனால், தாலுகா அலுவலகத்துக்கு அறிக்கை எழுதும் இளைஞன் அவற்றின் வித்தியாசத்தை அகராதியைப் பார்த்துக் கற்றவனாய் இருந்தால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவான். கரையில் நின்று கற்றவன் ஒருபோதும் மாற்றி எழுதமாட்டான்.

அகராதி சொல்லும் வேறுபாட்டை வழக்கு மீறிச் செல்வதும் உண்டு. ஹில் சிறியது, மௌண்ட் பெரியது என்று படித்த மாணவன், சென்னையின் ஓரத்தில் சுமார் 300 அடி உயரமே உள்ள பரங்கிமலையை மௌண்ட் என்றும், தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் நீலகிரியை ஹில்ஸ் என்றும் ஆங்கிலேயர் வழங்கியதைக் கண்டு குழம்புவான். அங்கே அளவு பேசவில்லை. அப்போஸ்தலர் தோமாவின் பெயரோடு சேர்ந்த புனித இடம் என்பதால் ஒன்றுக்கு மௌண்ட் அமைந்தது. கோடையில் ஏறிப்போய்த் தங்கும் குளிர்ந்த இடமான மற்றொன்றோ ஹில்ஸ் என்றே நின்றது. நம்முடைய மயிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வழக்கில் இது குன்று; சூரபதுமன் மயில் வடிவாய்த் தவங்கிடந்த இடம் என்று நம்பிக் காவடி எடுத்து வருகிற அடியவரோ மலை என்றுதான் சொல்வார். அவர் உயரத்தை அளந்து சொல்லவில்லை.

வடமொழியிலிருந்து வந்த சொற்கள் தமிழ்ச் சொல்லின் பக்கத்தில் வீணே நிற்பதாகச் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடன்று. நெடுங்காலம் ஒரு வீட்டில் தங்கிய சொல், தனக்கென ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். செம்பில் இருக்கும்போது தண்ணீர்; அதுவே சந்நிதியில் அர்ச்சகர் கையிலிருந்து நம் கையில் விழும்போது தீர்த்தம். அடுப்பிலிருந்து இறக்கியது சோறு. படைத்துத் திரும்பியது பிரசாதம். ஆங்கிலத்தில் பிகின், கமென்ஸ் என்று சாக்ஸன் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் இரட்டையாக நின்று, முன்னது வீட்டுக்கும் பின்னது சபைக்கும் உரியனவாய்ப் பிரிந்துகொண்டதும் இத்தகைய சரித்திரமே. திண்டிவனம் என்னும் பெயரில் புளியைக் குறிக்கும் திந்திரிணி என்ற வடசொல் இருக்கிறது என்பர். புளியங்காடு என்று தமிழில் சொன்னாலும் மரம் அதுவே. ஆயினும், வனம் என்றதும் முனிவரும் தவமும் தலபுராணமும் நினைவுக்கு வருகின்றன. காடு என்றதும் விறகும் ஆடுமேய்ப்பும் நினைவுக்கு வருகின்றன.

எல்லா இணைகளிலும் பொருள் வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருப்பதும் தவறு. சில, இடத்தால் மட்டும் வேறானவை. நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்னும் நான்கும் ஒரே பயிர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட டி.எம்.வி. வகைகளின் விதையை நாலாபுறமும் விதைத்தார்கள். பெயர் மட்டும் அந்தந்த ஊரின் பெயராகவே இருந்தது. செஞ்சிப் பக்கத்தில் வராக நதி என்று வழங்கும் ஆறு, புதுவைப் பக்கத்தில் சங்கராபரணி. ஆனால், இதிலும் எச்சரிக்கை வேண்டும்: ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருளாவதும் உண்டு. 'கொல்லைக்குப் போயிருக்காரு' என்று இந்தப் பக்கத்தில் சொன்னால், மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள். மல்லாட்டைக் கொல்லை, கம்பங்கொல்லை என்று சொல்லுகிறோம். தஞ்சாவூரில் அதே சொல் வீட்டின் பின்புறத்தையே குறிக்கும். தஞ்சாவூரிலிருந்து பெண்ணெடுத்த வீடுகளில், இந்த ஒரு சொல்லாலேயே முதல் மாதத்தில் தேடுதல் நேர்ந்திருக்கக் கூடும்.

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939-இல் அநுபந்தமும் சேர்த்த தமிழ் லெக்ஸிகன் இவ்வகை வட்டார வழக்குகள் பலவற்றைத் தேடி இடங்கொடுத்தது; அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும், அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே பொருளை எழுதலாமேயன்றி, அதைச் சொல்லுகிறவர் யாரை நோக்கி, எந்தச் சமயத்தில், எந்த முகத்தோடு சொன்னார் என்பதை எழுத இடமிராது. அந்தக் குறிப்புகளை எழுதக்கூடியவர்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த நீங்கள்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் உங்கள் பாட்டன்மார் பாட்டிமார் சொல்லும் சொற்களை, சொன்னவர், கேட்டவர், சமயம், முழு வாக்கியம் என்னும் நான்கோடும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் தனியே பிரித்து எழுதாதீர்கள். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று அவர்களிடம் கேட்கவும் வேண்டாம். அர்த்தம் கேட்டால் அவர்கள் தெரிந்ததையும் மறந்து விழிப்பார்கள். 'இதை எப்போது சொல்லமாட்டீர்கள்?' என்று கேளுங்கள். விடை உடனே வரும். கோடி போவதற்கும் கலங்கல் ஓடுவதற்கும் உங்கள் ஊரில் வேறுபாடு உண்டா, கைமாத்துக்கும் கடனுக்கும் எத்தனை நாள் எல்லை, வாரத்துக்கு விடுகிற கழனியைக் குத்தகைக்கு விட்டதாகச் சொன்னால் யாருக்குக் கோபம் வரும் என்பவற்றை முதலில் விசாரித்து எழுதி வாருங்கள். அந்தக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து ஆசிரியர்களிடம் கொடுத்தபின், ஆங்கில இணைச்சொற்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேசுவோம்.